தூக்குவது வேறு, தாங்குவது வேறு

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் நான் எழுதியும், பிறர் எழுதியதைத் திருத்தியும் அச்சுக்கு அனுப்பிய செய்திகளுள் ‘நான்கு வரிச் செய்தி’ என்றோர் இனம் உண்டு. பக்கத்தின் அடியில் இடம் மிஞ்சினால் போடுவது. கடைசி நேரத்தில் விளம்பரமொன்று வந்துவிட்டால் முதலில் தூக்கி எறிவது. கிணற்றில் விழுந்தவர், மின்சாரம் தாக்கியவர், பாம்பு தீண்டியவர் எல்லோரும் அந்த நான்கு வரிக்குள்தான் அடங்க வேண்டும். அவர்களோடு இன்னொருவரும் இடையிடையே வருவார்: வீட்டு வளவில் வாகனத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது ‘ஜக் நழுவியதால்’ வாகனத்தின் கீழ் நசியுண்டு மரணமானவர். பெயர், வயது, ஊர், பொலிஸார் விசாரணைகளை மேற்கொண்டு வருகின்றனர் என்ற வழமையான முடிப்பு. அவ்வளவுதான்.

‘ஜக் நழுவியதால்’ என்ற அந்த இரண்டு சொற்களை நான் ஒருபோதும் கேள்விக்குட்படுத்தியதில்லை. இன்று அதற்காக வெட்கப்படுகிறேன். எழுவாயைப் பாருங்கள்: நழுவியது ஜக். குற்றவாளி ஜக். மனிதன் அங்கே ஒன்றும் செய்யவில்லை, அவனுக்கு நேர்ந்தது. உண்மையில் நடந்தது வேறு. தூக்குவதற்கென்று செய்யப்பட்ட ஒரு கருவியிடம் தாங்கும் வேலையை ஒப்படைத்துவிட்டு, அதன் கீழ் ஒரு மனிதன் போய்ப் படுத்தான். ஏணியைக் கட்டிலாகப் பயன்படுத்தி உருண்டு விழுந்தவனைப் பற்றி ‘ஏணி நழுவியது’ என்று யாராவது செய்தி எழுதுவார்களா?

(தமிழ்நாட்டு வாசகர்கள் ‘ஜாக்கி’ என்பதைத்தான் கல்முனைப் பக்கம் நாங்கள் ‘ஜக்’ என்கிறோம். தண்ணீர் ஊற்றும் பாத்திரமும் எங்களுக்கு ஜக்தான். இதுவரை குழப்பம் எதுவும் நேர்ந்ததில்லை.)

இந்த ஞானம் எனக்கு நூல்களிலிருந்து வரவில்லை. என் சகோதரியின் மகன் கல்முனையிலிருந்து கொழும்புக்கு ஹயஸ் வான் ஓட்டுகிறவன். நோன்பு மாதத்தில் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின், பின் சில்லொன்றின் பிரேக் இறுகிக் கிடக்கிறது, இரவுப் பயணத்துக்கு முன் பார்த்துவிட வேண்டும் என்று வளவில் வானை நிறுத்தினான். எங்கள் கரையோர வளவு எப்படியிருக்கும் என்று இப்பகுதியார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்க்குச் சொல்கிறேன், கூட்டிப் பெருக்கிய வெள்ளை மணல். போத்தல் ஜக்கை அச்சின் கீழ் வைத்து உயர்த்தினான். சில்லைக் கழற்றினான். கழற்றிய சில்லைச் சுவரோரம் உருட்டிச் செல்ல நோன்பாளிக்குத் தென்பில்லை. வானின் விளிம்புக்குக் கீழேயே காலால் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தான்.

“தாங்கி ஒண்டும் வைக்கல்லயா மருமகன்?” என்று கேட்டேன்.

“ஒண்டும் ஆகா மாமா, அஞ்சு நிமிசத்து வேல.”

இறுகிய டிரம் இலகுவில் வராது. சுத்தியலால் அடித்தான். நாலாவது அடியோ ஐந்தாவது அடியோ, ஜக்கின் அடித்தட்டு ஒரு பக்கமாக மணலுக்குள் இறங்கியது, ஜக் சாய்ந்தது, வான் இறங்கியது. இறங்கிய வான் அந்தச் சில்லின் மேல் அமர்ந்தது. அவனுடைய நெஞ்சுக்கும் இரும்புக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி இருந்திருக்கும். வெளியே ஊர்ந்து வந்தவன் நோன்பு திறக்கும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தச் சில்லை அங்கே தள்ளியது அறிவல்ல, சோம்பல். என் குடும்பத்தில் ஓர் உயிரைக் காப்பாற்றியது சோம்பல் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

அயலவர்கள் கூடினார்கள். “கத்ர், தப்பிட்டான்” என்றார்கள். அவன் மாண்டிருந்தாலும் இதே சொல்லைத்தான் சொல்லியிருப்பார்கள். என் சண்டை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இறைவிதியில் எனக்கும் நம்பிக்கை உண்டு. ஆனால், ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவன் மேல் பொறுப்பைச் சாட்ட நினைத்தவருக்கு நபிகளார் என்ன சொன்னார்கள் என்பது எங்கள் மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. ஒட்டகத்துக்குக் கயிறு கேட்ட மார்க்கம், இரண்டு தொன் இரும்புக்கு ஒரு முட்டுக் கேட்காதா? ஜனாஸா வீட்டில் ‘களா கத்ர்’ என்று சொல்லி ஆறுதல் அடைவது ஒன்று. அதே சொல்லை முன்கூட்டியே சொல்லி வாகனத்தின் கீழ் நுழைவது வேறொன்று. பின்னது நம்பிக்கையன்று, அலட்சியம்.

இன்னொரு கூட்டத்தாரையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் வளைகுடா நாட்டில் வேலை பார்த்து வராத வீடு அரிது. கட்டாரிலும் சவூதியிலும் பாதுகாப்புத் தொப்பி இல்லாமல் வேலைத்தளத்தின் வாசலைக்கூடத் தாண்டாதவர்கள், வாகனத்தைத் தூக்கி வைக்கும் ‘லிஃப்ட்’டின் பூட்டு விழுந்த சத்தம் கேட்காமல் அதன் கீழே காலெடுத்து வைக்காதவர்கள், விடுமுறையில் ஊருக்கு வந்த மறுநாள் வெறும் ஜக்கின் கீழ் மல்லாந்து படுக்கிறார்கள். அங்கே அபராதம் இருந்தது, இங்கே இல்லை. அப்படியானால் கற்றது பாதுகாப்பையா, முதலாளிக்குப் பயப்படுவதையா?

இது இன்றைக்கு ஏன் முன்னரைவிடப் பெரிய விடயம் என்பதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அந்தத் தடை நீங்கியது 2025 பெப்ரவரியில். ஏறத்தாழ 5 ஆண்டுகள் நாட்டுக்குள் புதிய கார் வரவில்லை, இருந்தவை கிழடாயின. நடுவில் 2022 வந்தது. ரூபாய் சரிந்தது, உதிரிப்பாகங்களின் விலை ஏறியது, கராஜ் கூலியும் ஏறியது. ஒயில் மாற்றுவதற்கும் பிரேக் ‘பேட்’ மாற்றுவதற்கும் கராஜுக்குப் போய்க்கொண்டிருந்த ஆசிரியரும், கந்தோர் உத்தியோகத்தரும், கடைக்காரரும் கைபேசியில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுத் தாமே வேலையைத் தொடங்கினர். தவறில்லை, நானும் செய்கிறேன். தன் வாகனத்தைத் தானே பழகுவது நல்ல பழக்கம். ஆனால் காணொளியில் வேலை செய்கிறவன் வாகனத்தை ஏற்கெனவே தூக்கி, முட்டுக்கொடுத்து வைத்துவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறான். நம்மவர் தொடங்குவது அதற்கு முந்திய கட்டத்தில்.

நம் நாட்டின் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்தவை. அவற்றின் கையேடு ஜப்பானிய மொழியில். ஜக்கின் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையும் ஜப்பானிய மொழியில். காரின் கீழ் ஒரு மனிதன் படுத்திருக்க அவன் மேல் குறுக்குக் கோடு போட்ட ஒரு சிறு படம் அதில் இருக்கும். அது உலகப் பொதுமொழி, வாசிக்க எழுத்தறிவு தேவையில்லை. போதாக்குறைக்கு, அண்மைக் கால ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் உபரிச் சில்லே இல்லை. ஓட்டை அடைக்கும் திரவமும் சிறு காற்றுப் பம்பும்தான் உண்டு. சிலவற்றில் ஜக்கும் கிடையாது. ஆகவே வாங்கியவர் கடைக்குப் போகிறார், “நல்ல ஜக் ஒண்டு தாங்க” என்கிறார். கடைக்காரர் கேட்கும் ஒரே கேள்வி: எத்தனை தொன்?

அந்தக் கேள்வியே பிழை. ஒரு சின்ன வகன்-ஆர் காரின் மொத்த எடை ஏறத்தாழ 800 கிலோ. அதன் ஒரு மூலையைத் தூக்கும்போது ஜக்கின் மேல் வருவது 300 கிலோ அளவில். மலிவான 2 தொன் ஜக்கே அதற்குத் தாராளம். ஆனால் ‘பெரிய இலக்கம் பெரிய பாதுகாப்பு’ என்று நினைத்து 5 தொன் போத்தல் ஜக்கை வாங்கிப் போகிறார் நம்மவர். அந்த ஜக் மடங்கிய நிலையிலேயே ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயரம். காற்றுப்போன டயரோடு தாழ்ந்து நிற்கும் காரின் விளிம்புக்குக் கீழே அது நுழையாது. நுழையாதபோது என்ன செய்வார்? மணலைத் தோண்டிக் குழிக்குள் ஜக்கை வைப்பார். கண்ணால் கண்டிருக்கிறேன். ஜக் வாங்கும்போது கேட்க வேண்டியவை வேறு: மடங்கிய நிலையில் உயரம் என்ன, முழுதாக உயர்ந்தால் எவ்வளவு, அடித்தட்டு எவ்வளவு அகலம், தலை என் வண்டியின் தூக்குமிடத்தில் பொருந்துமா. தொன் கணக்குக் கடைசிக் கேள்வி.

வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காரோடு வரும் கத்தரிக்கோல் ஜக், வழியில் காற்றுப்போனால் சில்லு மாற்றுவதற்கு, வேறெதற்கும் அன்று. அதன் திருகாணி தானாகப் பின்னோக்கிச் சுழலாது, ஆகவே அது மெல்ல மெல்ல இறங்கிவிடுவதில்லை. அதன் ஆபத்து பக்கவாட்டில் சாய்வது. ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கைப் பக்கத்திலிருந்து தள்ளிப் பார்க்கத் தேவையில்லை. போத்தல் ஜக் வானுக்கும் லொறிக்கும், அச்சின் கீழோ சட்டகத்தின் கீழோ நிமிர்ந்து நிற்க வேண்டியது. வீட்டில் வேலை செய்பவருக்கு மிகவும் ஏற்றது நான்கு உருளைகளுள்ள ட்ரொலி ஜக். தாழ்ந்தது, அகன்றது, இலகுவில் சாயாது. ஆனால் அதிலும் எங்கள் கரையோரத்துக்கென்றே ஒரு பொறி இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

எண்ணெயில் இயங்கும் ஜக்கின் தத்துவம் பழையது. ஜோசப் பிராமா நீரழுத்த யந்திரத்துக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது 1795இல். அதற்கு அடிப்படையான விதி பாஸ்கலுடையது. கணக்கு எளிது. பம்பின் பிஸ்டன் 1 சென்ரிமீற்றர் விட்டம், தூக்கும் தண்டு 3 சென்ரிமீற்றர் விட்டம் என்று வைத்துக்கொண்டால் பரப்பு விகிதம் 9 மடங்கு. கைப்பிடியின் நெம்பு 15 மடங்கு. பெருக்கினால் 135. நீங்கள் கையால் 15 கிலோ அளவுக்கு அழுத்தினால் மறுமுனையில் 2 தொன் எழுகிறது. அற்புதம்தான். அற்புதத்தின் மறுபக்கத்தையும் பாருங்கள்: அந்த 2 தொன்னும் திரும்பி வராமல் தடுத்து நிற்பது ஒரு சிறு எஃகுக் குண்டும், சில ரூபாய் பெறுமதியான ஓர் இறப்பர் வளையமும். வளையத்தில் மயிரளவு கீறல் விழுந்தால் போதும். எண்ணெய் குறைந்துவிட்டது என்று பிரேக் எண்ணெயை ஊற்றுவோர் இருக்கிறார்கள். அது அந்த வளையத்தை ஊதச் செய்து கெடுத்துவிடும். ஜக்குக்கு ஜக்குக்குரிய எண்ணெயே வேண்டும். கடற்காற்றில் உப்பு இருக்கிறது; தூக்கும் தண்டில் துரு ஏறினால் ஒவ்வொரு தடவையும் அது அந்த வளையத்தை அரமாக அராவும். தண்டை முழுதாக இறக்கி, எண்ணெய்த் துணியால் துடைத்து, வீட்டுக்குள் வைக்க வேண்டும். எங்கள் ஊரில் ஜக் கிடப்பது மல்லிகைப் பந்தலின் கீழ், மழையில்.

உப்புக் காற்று ஜக்கை மட்டும் தின்பதில்லை. கார்களின் விளிம்பில், முன் சில்லுக்குச் சற்றுப் பின்னாலும் பின் சில்லுக்குச் சற்று முன்னாலும் தூக்குவதற்கென்று தடித்த இடங்கள் உண்டு. இரு சிறு வெட்டு அடையாளங்கள் இருக்கும். ஜக்கின் தலை அங்கேதான் இருக்க வேண்டும். ஒயில் சம்புக்குக் கீழோ, தளத் தகட்டின் நடுவிலோ அல்ல. ஆனால் நிந்தவூரிலோ மருதமுனையிலோ கடற்கரை வீதியில் பத்து வருடம் நின்ற காருக்கு அந்த விளிம்பே துருப்பிடித்துப் பொரிந்திருக்கலாம். மேலே வர்ணம் பளபளக்கும், உள்ளே அப்பளம். தூக்குவதற்கு முன் விரலால் அழுத்திப் பாருங்கள், திருப்புளியால் தட்டிப் பாருங்கள். நொறுங்கினால் அங்கே ஜக் வைக்காதீர்கள்.

இனி மணல். கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று என்று நீளும் எங்கள் குடியிருப்பு, கடலுக்கும் வயலுக்கும் இடையே கிடக்கும் ஒரு மணல் மேட்டில் இருக்கிறது. எல்லாக் கையேடுகளும் ‘சமமான, கடினமான தளத்தில்’ என்று ஆரம்பிக்கின்றன. அந்த முதல் வாக்கியத்திலேயே எங்கள் ஊர் தோற்றுப்போகிறது. கத்தரிக்கோல் ஜக்கின் அடித்தட்டு ஏறத்தாழ 70 சதுர சென்ரிமீற்றர். அதன் மேல் 300 கிலோ என்றால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 4 கிலோவுக்கு மேல். காரின் டயர் தரையை அழுத்துவது அதில் ஏறத்தாழப் பாதி. வெறுங்காலோடு நிற்கும் மனிதன் அழுத்துவது அதில் இருபதில் ஒரு பங்கு. ஆகவே, நீங்கள் நின்றால் அமிழாத மணல், கார் நின்றால் அமிழாத மணல், ஜக் நின்றால் அமிழும். ‘நான் மிதித்துப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது’ என்பது சாட்சியமாகாது.

மாரி காலத்தில் இது இன்னும் வஞ்சகமானது. நனைந்த மணல் சீமெந்துபோல் இறுகி நிற்கும். வெயில் ஏற ஏறக் காயும், உதிரும். சுத்தியலால் ஓங்கி அடிக்கும் ஒவ்வோர் அடியும் அதைக் குலுக்கும். என் மருமகனின் ஜக் பம்பு அடிக்கும்போது சாயவில்லை, சில்லைக் கழற்றும்போதும் சாயவில்லை. அவன் உள்ளே போய்ச் சுத்தியலை எடுத்த பிறகுதான் சாய்ந்தது. ஏனென்று இப்போது புரிகிறது.

பரிகாரம் ஒரு பலகை. முதிரையோ பாலையோ, ஒன்றரைச் சாண் அகலமும் இரண்டு சாண் நீளமும் இரண்டு அங்குலத் தடிப்பும் உள்ள ஒரு துண்டு. எந்த ஓடாவியின் பட்டறையிலும் கழிவாகக் கிடக்கும். 30க்கு 40 சென்ரிமீற்றர் பலகையென்றால் அழுத்தம் கால் கிலோவுக்கு இறங்கிவிடுகிறது, ஏறத்தாழ வெறுங்கால் மனிதனின் அளவுக்கு. மெல்லிய பலகை வேண்டாம். அது நடுவில் வளைந்தால் பலகை போட்டும் பயனில்லை. ட்ரொலி ஜக்குக்கு இதுவும் போதாது. அதன் கை வில்வளைவாக உயர்கிறது. உயர உயர ஜக் தன் உருளைகளில் காரை நோக்கி நகர்ந்துகொடுக்க வேண்டும். மணலில் உருளைகள் புதைந்தால் ஜக் நகராது. ஜக் நகராவிட்டால் அதன் தலை தூக்குமிடத்தைவிட்டு வழுக்கும், அல்லது கார் நகரும். மேலே சொன்ன பொறி இதுதான். ட்ரொலி ஜக் வாங்க எண்ணுகிறவர் முதலில் வளவில் ஒரு வாகன அளவுக்குக் கொங்கிறீற் தளம் போடட்டும். இயலாவிட்டால், ஊர்ப் பள்ளிவாசலின் முற்றத்திலோ சந்தை வாகனத் தரிப்பிடத்திலோ கேட்டு வேலையைச் செய்யட்டும். மணலின் மேல் பரப்பிய ‘இன்டர்லொக்’ கல் ஒழுங்கைகள் இப்போது பெருகிவிட்டன; அவை நல்லவைதான், ஆனால் ஓரக் கற்களை நம்பாதீர்கள், அவை ஒரு பக்கமாகக் கவிழும்.

சில்லுகளைப் பற்றி யாரும் சொல்லித்தராத ஒன்று. “ஹான்ட் பிரேக் போட்டிருக்கு, கியரிலயும் இருக்கு, என்னத்துக்குக் கல்லு?” என்பார்கள். வகன்-ஆர் போன்ற முன்சில்லு இயக்க வண்டிகளில் ஹான்ட் பிரேக் பிடிப்பது பின் சில்லுகளை மட்டும். நீங்கள் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அந்தப் பிரேக் ஆகாயத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ‘ஓட்டோ’ கியரின் ‘பி’ நிலை முன் சில்லுகளைப் பிடிக்கிறது. ஆனால் முன் சில்லொன்று தரையைவிட்டு எழுந்ததும், இரண்டையும் இணைக்கும் பல்லிணைப்பு எழுந்த சில்லை ஒரு திசையில் சுழலவிட்டு மற்றதை எதிர்த்திசையில் உருள விட்டுவிடும். அப்போது ‘பி’யும் இல்லை. ஹயஸ் வானில் இயக்கமும் ஹான்ட் பிரேக்கும் இரண்டுமே பின்னால். நாம் தூக்குவதும் பெரும்பாலும் பின்பக்கத்தை. அதிலும் பிரேக்கைத் திருத்துவதற்காகவே தூக்கிவிட்டு அதே பிரேக்கை நம்பி உள்ளே போகிறோம்! தூக்காத பக்கத்துச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வைக்க வேண்டும். சில்லு நட்டுகளை, வண்டி நிலத்தில் நிற்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு நட்டுச் சாவியில் ஏறி மிதிப்பது, வண்டியை நாமே தள்ளி விழுத்துவதற்குச் சமம்.

எல்லாவற்றுக்கும் மேலானது தாங்கி. கடைகளில் ‘ஸ்டாண்ட்’ என்றே கேளுங்கள். இரண்டாக விற்பார்கள், மூன்று அல்லது நான்கு கால் பரப்பி நிற்கும், நடுத்தண்டை உயர்த்திப் பல்லிலோ ஊசியிலோ பூட்டலாம். ஜக்கால் தூக்கி, தாங்கியை வைத்து, ஜக்கை மெல்லத் தளர்த்தி வண்டியைத் தாங்கியின் மேல் இருத்திவிட வேண்டும். மணலென்றால் தாங்கியின் காலுக்குக் கீழும் பலகை. பிறகு வெளியே நின்றுகொண்டே வண்டியை உலுக்கிப் பார்க்க வேண்டும். விழுவதென்றால் அப்போது விழட்டும். ஒரு சோடித் தாங்கியின் விலை, நான் விசாரித்த வரையில், நல்ல டயர் ஒன்றின் விலையை எட்டாது. டயருக்குக் கடன்படுகிறோம். தாங்கியைக் கேட்டால் ‘அவ்வளவு காசா’ என்கிறோம்.

தாங்கிக்குப் பதிலாக நம்மவர் வைப்பது புளொக் கல். இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. சுவர் கட்டும் புளொக் கல் வீட்டின் பாரத்தைத் தாங்குகிறதே, காரைத் தாங்காதா என்பது வாதம். சுவரில் அதன் பாரம் முழுப் பரப்பிலும், சாந்தின் மேல், சமமாக இறங்குகிறது. காரின் விளிம்பு அதை ஒரு கோட்டில், கத்திபோல் வெட்டுகிறது. நடுவில் வெற்றிடமுள்ள கல், முன்னறிவிப்பில்லாமல் பிளக்கும். மரம் உடையுமுன் முனகும். இரும்பு வளையும். புளொக் கல் ஒன்றுமே சொல்லாது. அதற்குத் தென்னங்குற்றி எவ்வளவோ மேல், உருளாமல் இருந்தால்.

தாங்கியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரெய்ட் என்ற பெரிய கருவி நிறுவனம் 2020இல் ஏறத்தாழ 17 இலட்சம் தாங்கிகளைத் திரும்பப் பெற்றது. வார்ப்பு அச்சுகள் தேய்ந்துபோனதால், பூட்டும் பல் ஆழமாகப் பதியாமல் பாரத்தோடு நழுவக்கூடும் என்பது காரணம். அதற்கு மாற்றாகக் கொடுத்த தாங்கிகளிலும் சிலவற்றை, பற்றுவைப்புப் பிழைக்காக, அதே ஆண்டு திரும்பப் பெற நேர்ந்தது. பல் பூட்டைவிட ஊசிப் பூட்டு எனக்கு உவப்பானது இதனால்தான். ஊசி உள்ளே இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும். அதோடு, ஜக்கை வெளியே இழுத்துவிடாமல் பட்டும் படாமலும் விட்டு வையுங்கள். கழற்றிய சில்லை விளிம்பின் கீழ் தள்ளுங்கள். என் மருமகன் சோம்பலால் செய்ததை நீங்கள் அறிந்தே செய்யுங்கள்.

தனியே செய்யாதீர்கள் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. வாகனத்தின் கீழ் நசியுண்டவர் பெரும்பாலும் கத்துவதில்லை. நெஞ்சு அழுந்தியதும் மூச்சை உள்ளே இழுக்க இயலாது, மூச்சில்லாமல் குரலில்லை. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். ‘பக்கத்து அறையில்தான் இருந்தோம், ஒரு சத்தமும் கேட்கவில்லை’ என்று வீட்டார் சொன்னதை நான் செய்தியாளனாக இருந்தபோது குறிப்பெடுத்திருக்கிறேன். நான்கு வரிக்குள் அது அடங்காது என்று வெட்டியும் இருக்கிறேன்.

அவுஸ்திரேலியாவில் வாகன ஜக்குகளுக்குக் கட்டாயத் தரவிதி இருக்கிறது. ஜக்கால் மட்டும் தாங்கப்பட்ட வாகனத்தின் கீழ் செல்லாதீர் என்ற எச்சரிக்கை கருவியின் மேலேயே இருக்க வேண்டும். வீட்டில் வாகனம் திருத்துவோரின் மரணங்களைத் தடுக்க அந்நாட்டு நுகர்வோர் ஆணைக்குழு பிரசாரமே நடத்தியிருக்கிறது. மெல்பேணிலும் சிட்னியிலும் இருக்கும் நம்மவர் வீட்டு ஜக்கை எடுத்துப் பாருங்கள், எழுதியிருக்கும். எங்கள் கடைவீதியில் நான் புரட்டிப் பார்த்த ஜக்குகளில் தமிழிலோ சிங்களத்திலோ ஒரு சொல் கிடையாது. தலைக்கவசத்தில் எஸ்.எல்.எஸ். இலச்சினை இருக்கிறதா என்று பார்க்க நம் மக்களைப் பழக்க முடிந்ததே. ஜக்கோடு ஒரு துண்டுப் பிரசுரம் மும்மொழியில் இருக்க வேண்டும் என்று சட்டம் போட இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்துக்கும் நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கும் என்ன தடை? அதுவரை காத்திருக்கத் தேவையுமில்லை. ஜக் விற்கும் கடைக்காரர் ஒவ்வொருவரும் ‘ஸ்டாண்ட் இருக்கா?’ என்று ஒரு வார்த்தை கேட்கலாம். அவருக்கு வியாபாரமும் கூடும்.

என் தொழிலைச் சேர்ந்த இளையவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை அந்தச் செய்தி உங்கள் மேசைக்கு வரும்போது ‘ஜக் நழுவியதால்’ என்று எழுதாதீர்கள். ‘தாங்கி வைக்காமல் ஜக்கின் மேல் மட்டும் நிறுத்தப்பட்டிருந்த வாகனம் இறங்கியதில்’ என்று எழுதுங்கள். ஒரு வரி கூடும். விளம்பரப் பகுதியோடு சண்டை பிடியுங்கள். மாண்டவரைக் குற்றம் சொல்வதாகும் என்று தயங்குவீர்கள். நானும் அப்படித்தான் தயங்கினேன். அந்தக் கண்ணியத்துக்கு அடுத்த வீட்டுக்காரன் விலை கொடுத்தான்.

பெருநாளுக்குப் பின் ஒருநாள் கல்முனைக் கடைவீதியில் தாங்கி தேடிப் போனேன். முதல் கடையில் இல்லை. இரண்டாவது கடையில், பல்பு ‘ஸ்டாண்ட்’டா என்று கேட்டார்கள். மூன்றாவது கடைக்காரர் உள்ளே போய் நெடுநேரம் கழித்து, தூசு படிந்த ஒரு பெட்டியை அணைத்துக்கொண்டு வந்தார்.

“இது வந்து ரெண்டு வருஷமாகுது காக்கா. ஒருத்தரும் கேக்கல்ல.”

ஒரு சோடிதான் இருந்தது. வாங்கினேன். அது என் காருக்கு. இன்னொரு சோடி, வானுக்கு ஏற்ற பெரியது, தருவித்து வைக்கச் சொல்லி முற்பணமும் கொடுத்துவிட்டு வந்தேன்.